மூன்றாம் தரப்பு

காத்திருப்பவர்களுக்காக அவர்கள் ஒலிக்கவிடும் பியானோவில்
ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தது.
பதினேழு நிமிடம் கேட்டேன்:
நடு ஸ்தாயியில், சுற்றுக்கு ஒருமுறை,
படியில் கால் இடறுவதுபோல்.
தொலைபேசியைத் தோளில் இடுக்கி
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
கேட்காமல் இருக்க முடியாது. முப்பத்தோரு வருடமாய்
அதற்குத்தான் எனக்குக் கூலி.

பிறகு ஜாரட் வந்தான், பிரிஸ்பேனிலிருந்து.
அங்கே வெயில் என்று குரலிலேயே தெரிந்தது.
'முழு இழப்பு, மிஸ் டாரன்ட்' என்றான்,
பரிசு விழுந்ததைச் சொல்பவனின் ஏற்றத்தோடு.

எந்தச் சாலை?
போத்வெல் தாண்டி, ஏரிகளுக்குப் போகும் சாலை.
நேரம்?
ஐந்தே முக்கால். ஜூலையில், டாஸ்மேனியாவில், அது ராத்திரி.
மது?
பள்ளிக்கூடத்துப் பியானோவை முடித்த கையோடு
தேநீர், இரண்டு கோப்பை.
மூன்றாம் தரப்பு யாருக்கேனும் காயம்?

கத்தியைக் கீழே வைத்தேன்.

முப்பது கிலோ இருக்கும் அந்த வாம்பாட்.
தார்ச்சாலை தன்னிலிருந்து ஒரு துண்டை எழுப்பி
நடக்கவிட்டதுபோல் வந்தது.
கார் வேலிக்குள் போய் நின்ற பிறகு
திரும்பி நடந்தேன். கைவிளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
அதன் பைக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.
பின்பக்கம் திறக்கும் பை,
வளை தோண்டும்போது மண் புகாதிருக்க.
குட்டி இல்லை.
அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல்
வெதுவெதுப்பு மட்டும்.

'இல்லை' என்றேன்.
அவன் பக்கம் ஒரு பொத்தான் அழுந்தியது.

திங்கட்கிழமை விலை வந்தது:
நாலாயிரத்து நூற்றைம்பது டாலர்.
அதில் என் பங்கு அறுநூறு போக,
இனி ஓட்டவே போகாத காருக்கு
மிச்சமிருக்கும் ஏழு மாதப் பிரிமியமும் போக.

நானும் சும்மா இருக்கவில்லை.
மார்ச்சில் மாற்றிய டைமிங் பெல்ட்டின் ரசீது,
நாலு டயரும் புதுசு என்று
ஓட்லண்ட்ஸ் மெக்கானிக் எண்ணெய்க் கையால் எழுதித் தந்த சீட்டு,
லான்செஸ்டனில் இதே சுபாரு, கதவு நசுங்கியது,
ஆறாயிரம் கேட்கும் விளம்பரம்.
எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன்.

'சந்தை மதிப்பு என்பது சராசரிதானே, மிஸ் டாரன்ட்.'

சண்டைக்கு வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.
பியானோவில் நான் செய்வதும் அதுதான்:
ஒவ்வொரு சுரத்திடமும் மயிரிழை திருடி,
எதுவும் சுத்தமாக இல்லாமல்
எல்லாம் சகிக்கும்படி ஆக்குவது.
ஆனால் நான் எல்லாரிடமும் திருடுகிறேன்.
இவர்கள் என்னிடம் மட்டும்.

பிரிட்ஜ்வாட்டர் கிடங்கில்
சாமான் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் தந்தார்கள்.
முறுக்குச் சாவி, கம்பளி நாடா, இசைக்கவை.
இருக்கைக்கடியில் ஒரு வெள்ளைக் கட்டை,
எந்த வீட்டுப் பியானோவுடையது என்று நினைவில்லை.
முன் கண்ணாடியில் மஞ்சள் மையால் என் கோப்பு எண்.
விளக்குக் குழியில் முரட்டு மயிர், பழுப்பு.
மதிப்பீட்டாளர் எடுத்த இருபத்து மூன்று படங்களில்
பதினொன்றில் அது இருக்கிறது. அறிக்கையில் இல்லை.
ஓட்டுநர் கதவைச் சாத்திப் பார்த்தேன்.
அது மட்டும் பழைய 'டப்'.

இன்று மறுபடி ஜாரட்.
'நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
இதற்குமேல் என் கையில் இல்லை.'
சரி என்றேன். பிறகு,
'உங்கள் பியானோவில் ஒரு கம்பி இறங்கியிருக்கிறது.'
'அது ஒலிப்பதிவு, மிஸ் டாரன்ட்.'
'பதிவு செய்த அன்றைக்கே இறங்கியிருக்கிறது.'
முதல்முறையாகச் சிரித்தான்.
'மேலாளரிடம் உறுதி செய்துகொள்கிறேன். ஒரே நிமிடம்.'

மறுபடி அதே பியானோ.
நாளைக் காலை ஹாமில்டனில் ஒரு வீடு,
எப்படிப் போவது என்று தெரியவில்லை;
எதிர்வீட்டு வெர்னிடம் வண்டி கேட்க வேண்டும்.
அந்த இடம் நெருங்குகிறது.
சமையலறைத் தரையை
என் வலது கால் அழுத்துகிறது.